சாலிஸ்பரி பிரபுவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர் சாலிஸ்பரி பிரபு. அவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் இடறுவது பெயரில்தான். 1853இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது அவர் லார்ட் ராபர்ட் சிசில். 1865இல் அண்ணன் இறந்ததும் பட்டத்து வாரிசாகி வைகவுண்ட் கிரான்போர்ன். 1868இல் தந்தையும் மறைந்த பிறகே, அவருடைய பிரபுப் பட்டம் வந்து சேர்ந்து, சாலிஸ்பரியின் 3ஆம் மார்க்குவஸ். ஆகவே 1866இல் இந்திய விவகார அமைச்சரான கிரான்போர்னும், 1874இல் அதே நாற்காலியில் அமர்ந்த சாலிஸ்பரியும் ஒரே ஆள்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. 1937இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் சிசில் இவருடைய மகன். 1903இலேயே கண்மூடிய அப்பாவுக்கு அந்தப் பரிசைக் கொடுத்துவிடாதீர்கள்.

'லார்ட்' என்று கண்டதும் பிரபுக்கள் சபையில் உட்கார வைப்பதும் தவறு. மார்க்குவஸ் போன்ற உயர் பிரபுக்களின் இளைய மகன்களுக்கு அது வெறும் மரியாதைப் பட்டம். மார்க்குவஸ் ஆகும்வரை பதினைந்து ஆண்டுகள் அவர் மக்கள் சபையில்தான் இருந்தார்.

தமிழில் எழுதும் நமக்கென்றே ஒரு பள்ளம் காத்திருக்கிறது: 'மருமகன்'. 1902இல் அவருக்குப் பின் பிரதமரான ஆர்தர் பால்ஃபர், அவருடைய சகோதரி பிளாஞ்ச்சின் மகன். மருமகன் என்று எழுதினால் நம் வழக்கில் பிழையில்லை. ஆனால் படிப்பவர் மகளைக் கட்டியவர் என்றுதான் எடுத்துக்கொள்வார். பால்ஃபரோ கடைசிவரை பிரம்மச்சாரி. மகள் மாடை மணந்த செல்போர்ன் பிரபு வேறு ஆள். அவரும் 1900இல் மாமனாரின் அமைச்சரவையில் கடற்படைப் பொறுப்புக்கு வந்து சேர்ந்தார். குடும்பப் பெயரை வைத்து அந்த அரசை 'ஹோட்டல் சிசில்' என்று கேலி செய்தார்கள் என்றால் சும்மாவா? 'சகோதரி மகன்' என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

செல்வத்திலேயே புரண்டார் என்று எழுதுவதும் அரைகுறை. 1857இல் நீதிபதி மகளான ஜார்ஜினா ஆல்டர்சனைத் தந்தையின் விருப்பத்தை மீறி மணந்தார். அதன் பிறகு பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிச் சம்பாதித்துத்தான் குடும்பம் நடத்தினார்.

பட்டத்தை நம்பிக் குடும்ப மாளிகையைச் சாலிஸ்பரி நகரத்தில் தேட வேண்டாம். அது ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஹாட்ஃபீல்டில் இருக்கிறது. அவர் பிறந்ததும் இறந்ததும் அங்கேதான்.