மூலையில் நிற்கும் டென் பின்னை எடுக்கும் வழி

பௌலிங்கில் பத்து ஃபிரேமிலும் (சுற்றிலும்) முதல் பந்தில் 9 பின்னைத் தள்ளிவிட்டு மிச்சத்தை விட்டுக்கொண்டே போனால் ஸ்கோர் 90. அந்த ஒற்றைப் பின்னை இரண்டாம் பந்தில் எடுத்தால் அது 'ஸ்பேர்', அடுத்த பந்தின் புள்ளியும் சேர்ந்துகொள்ளும்; ஒவ்வொரு முறையும் அப்படி எடுத்து, கடைசியாகக் கிடைக்கும் கூடுதல் பந்திலும் 9 விழுந்தால் 190. ஒரு ஸ்ட்ரைக்கூட (முதல் பந்திலேயே பத்தும் விழுவது) இல்லாமல்! லீக்கிற்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் அதனால்தான், "ஹூக்கை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி, முதல்ல டென் பின்னை எடு" என்கிறேன். ஹூக் என்பது பந்தைச் சுழற்றி வளைய விடுவது; டென் பின் என்பது பின்வரிசையின் வலது மூலையில் நிற்கும் 10ஆம் பின்.

வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் இடது மூலையில் நிற்கும் செவன் பின்னுக்கு இதை அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

சாதாரணமாக லேனின் (பந்து ஓடும் தளத்தின்) நடுவில் எண்ணெய் அதிகம், ஓரங்களில் குறைவு. சுழற்றி விட்ட பந்து ஓரத்தின் காய்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பிவிடும். டென் பின் அசையாமல் நிற்கும். எனவே ஸ்பேருக்கு பிளாஸ்டிக் பந்து. தரையை அவ்வளவாகப் பிடிக்காது. தொழில்முறை ஆட்டக்காரர்களே பையில் ஒன்று வைத்திருப்பார்கள். நீங்கள் வாங்க வேண்டியதில்லை, அரங்கத்தில் கிடைக்கும் பந்துகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

விடும்போது உள்ளங்கை பந்துக்குப் பின்னால், குறியைப் பார்த்தபடி இருக்கட்டும். மணிக்கட்டைத் திருப்பாதீர்கள். விட்ட பிறகும் கை குறியை நோக்கியே மேலே போகட்டும். பந்து ஓடும்போது விரல் துளைகளைக் கவனியுங்கள்: முன்னோக்கி உருண்டால் சரி, பம்பரம் மாதிரி பக்கவாட்டில் சுற்றினால் கை திரும்பியிருக்கிறது.

இனி கோடு. லேனில் நீளவாக்கில் 39 பலகைகள். வலது ஓரத்திலிருந்து எண்ண வேண்டும். லேனில் குறி பார்க்க வரைந்திருக்கும் அம்புகளில் நடு அம்பு 20ஆம் பலகையில். பந்தை ஃபவுல் லைனில் (லேன் தொடங்கும், தாண்டக் கூடாத கோட்டில்) 25ஆம் பலகையில் வைத்து அந்த நடு அம்பின் மேல் உருட்டினால், டென் பின் நிற்கும் 3ஆம் பலகையருகே போய்ச் சேரும். பந்து காலுக்கு வலப்புறம் இருப்பதால் இடது கால் 31, 32இல் வந்து நிற்க வேண்டும். தோள்களையும் பின் இருக்கும் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். கண் அம்பில் இருக்கட்டும். 60 அடிக்கு அப்பால் நிற்கும் பின்னைப் பார்த்துக்கொண்டு விட்டால் கை இழுத்துவிடும்.

பந்து எட்டரை அங்குல அகலம், பின்னின் வயிறு ஏறக்குறைய நாலே முக்கால். ஆகவே இடப்பக்கம் ஆறு பலகை விலகினாலும் உரசிவிடும். வலப்பக்கம் மூன்றாவது பலகையிலேயே கட்டர் (லேனின் ஓரப் பள்ளம்) வந்துவிடுகிறது. குறியைப் பின்னின் இடது தோளில் வையுங்கள்.

ஒன்றுக்கு மேல் பின் மிச்சம் இருக்கும்போது, முன்னால் நிற்பது மட்டும் விழுந்து அடுத்தது நின்றுவிட்டால் அது 'சாப்'. 'செர்ரி' என்பவர்களும் உண்டு. 6-10இல் (10ஆம் பின்னும், அதற்கு இடப்பக்கம் சற்று முன்னால் நிற்கும் 6ஆம் பின்னும் மிச்சம் இருக்கும்போது) நேர்ப் பந்துக்காரர்களுக்கு அடிக்கடி வரும். 6ஐ வலது பக்கம் தொட்டால் பந்து 10க்குப் போகும். 2க்கு நேர் பின்னால் ஒளிந்திருக்கும் 8 'ஸ்லீப்பர்'. அதற்கு 2இன் நெற்றியில் அடிக்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் பந்து ஒதுங்கிப் போய்விடும்.

பயிற்சிக்கு, பத்துப் பின்னும் நிற்கும்போதே டென் பின்னுக்கு விடுங்கள். கூடவே 6 விழுந்தால் பரவாயில்லை. பந்து 6க்கும் முன்னால் நிற்கும் 3ஐத் தொட்டால் மட்டும் கோடு இடப்பக்கம் அதிகம் விலகிவிட்டது; அம்பை மாற்றாமல் காலை இன்னும் ஒரு பலகை இடப்பக்கம் வைத்து மறுபடி விடுங்கள்.