கை, கால், வாய் நோய் வந்த குழந்தையை வீட்டில் தேற்றுவது எப்படி?

முதல் நாள் காய்ச்சல் அடிக்கும், குழந்தை சிணுங்கும். ஓரிரு நாளில் உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், முழங்கால் ஆகிய இடங்களில் சிவந்த புள்ளிகள் தோன்றிச் சிறு கொப்புளங்களாக மாறும். எப்போதும் ஆசையாகக் குடிக்கும் பாலை வாயில் வைத்தவுடன் வீறிட்டு அழுது தள்ளிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் கை, கால், வாய் நோயின் வழக்கமான தொடக்கம் இதுதான். 2022ஆம் ஆண்டு கேரளத்தின் கொல்லம் பகுதியில் பரவியபோது செய்தித்தாள்கள் இதைத் தக்காளிக் காய்ச்சல் என்று குறிப்பிட்டதால், நம் ஊர்களிலும் பலர் அப்பெயராலேயே இதை அறிவர். மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்க்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது.

காக்சாக்கி ஏ16, காக்சாக்கி ஏ6, என்டெரோவைரஸ் ஏ71 போன்ற குடல்வழி வைரஸ்களே இதற்குக் காரணம். இவற்றை அழிக்கும் மருந்து எதுவும் புழக்கத்தில் இல்லை. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வைரஸைத் தொடுவதே இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு முதல் பத்து நாட்களில் நோய் தானாகவே அடங்கிவிடும். அதுவரை நாம் செய்ய வேண்டியது, வாய்வலியைக் குறைத்துக் குழந்தையைக் குடிக்க வைப்பதுதான். தோலில் தெரியும் கொப்புளங்களைப் பார்த்துத்தான் பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆனால் குழந்தையை வாட்டுவது நாக்கிலும் தொண்டையிலும் உள்ள புண்களே. வலியால் குடிக்க மறுப்பதும், அதனால் உடலில் நீர் வற்றுவதுமே இந்நோயில் நாம் அன்றாடம் எதிர்கொள்ளும் ஆபத்து.

முதல் படி: நோயை உறுதிசெய்து, மருந்தின் அளவைக் கேட்டறிதல்

அம்மை, டெங்கு, ஒவ்வாமைத் தடிப்பு ஆகியவையும் தொடக்கத்தில் இதுபோலவே தோன்றக்கூடும் என்பதால், ஒருமுறை குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. மூன்று மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் ஏற்ற மருந்து பாராசிட்டமால். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுப்பது வழக்கம். இரு வேளைகளுக்கு இடையே நான்கு முதல் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் தரக்கூடாது. இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கடைகளில் இம்மருந்து பல அடர்த்திகளில் கிடைக்கிறது. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம் தேவை என்று வைத்துக்கொண்டால், 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 6 மில்லியும், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லியும், ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லியும் போதும். எனவே பக்கத்து வீட்டார் சொன்ன மில்லிக் கணக்கை அப்படியே பின்பற்றாமல், உங்கள் கையில் உள்ள புட்டியின் அடர்த்தியைச் சொல்லி மருத்துவரிடமே அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரினைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. டெங்கு இல்லை என்று தெளிவாகும் வரை இபுப்ரொஃபென், மெஃபனமிக் அமிலம் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் படி: குடிக்க வைத்தல்

நேரமும் பொறுமையும் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். பாராசிட்டமால் கொடுத்து அரை மணி நேரம் கழிந்ததும் வலி சற்றுத் தணியும். அந்த இடைவெளியைத் தவறவிடாமல் குடிக்கக் கொடுங்கள். புட்டியின் ரப்பர் முனை புண்ணில் உரசும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, கரண்டி, சிறு டம்ளர், பாலாடை, ஊசி நீக்கிய சிரிஞ்சு ஆகியவற்றில் குழந்தை எதை ஏற்கிறதோ அதைப் பயன்படுத்தலாம். சிரிஞ்சில் கொடுக்கும்போது குழந்தையைச் சாய்வாக மடியில் அமர்த்தி, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட வேண்டும். தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும்.

ஒரு டம்ளரை முழுதாகக் குடிக்க வைக்க முயன்றால் இருவருக்குமே கண்ணீர்தான் மிஞ்சும். அதற்கு மாறாக இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை 5 மில்லி, அதாவது ஒரு சிறு கரண்டி கொடுத்து வந்தால், ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போயிருக்கும். கதை சொல்லிக்கொண்டோ, சன்னலருகே நின்று காக்கையைக் காட்டிக்கொண்டோ இதைச் செய்யலாம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. சப்பும்போது வலிக்கிறது என்று குழந்தை மார்பை விட்டு விலகினால், பாலைப் பீய்ச்சியெடுத்துப் பாலாடையில் ஊட்டுங்கள். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீரோ இளநீரோ தேவையில்லை. அடிக்கடி பால் கொடுத்தாலே போதும். பெரிய குழந்தைகளுக்குக் காய்ச்சி ஆறிய நீர், குளிர்ந்த பால், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) ஆகியவற்றைக் கொடுக்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில்தான் அதைக் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். அட்டைப் பெட்டிகளில் விற்கப்படும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா.

குளிர்ச்சியாகக் கொடுத்தால் சளி பிடித்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதுண்டு. அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்: குளிர்ச்சி புண்ணின் எரிச்சலை மரத்துப்போகச் செய்கிறது, சளியை உண்டாக்குவதில்லை. உறைய வைத்த கரைசலையோ பாலையோ கரண்டியால் சுரண்டி ஊட்டினால், எதையும் ஏற்காத குழந்தைகூடப் பல நேரங்களில் வாய் திறக்கும். முழு ஐஸ் கட்டியை மட்டும் கொடுக்காதீர்கள். அது தொண்டையில் சிக்கலாம்.

மூன்றாம் படி: உணவு

ஓரிரு நாள் குறைவாகச் சாப்பிட்டால் பாதகமில்லை, குடித்தால் போதும். புளிக்காத தயிரில் குழையப் பிசைந்த சோறு, ஆறிய ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம், நன்கு மசித்த நுங்கு ஆகியவை எளிதில் இறங்கும். ரசம், தக்காளி, ஆரஞ்சு, எலுமிச்சை, காரம், முறுக்கு, ரஸ்க் போன்றவை புண்ணைக் கிளறிவிடும்.

வாய்ப்புண்ணுக்கு எதையேனும் தடவ வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இயல்பாகவே எழுகிறது. ஆனால் வெங்காரம் (போராக்ஸ்) கலந்த கிளிசரின் பச்சிளம் குழந்தைகளுக்கு நஞ்சாகலாம். ஒரு வயதுக்கு முன் தேன் தரக்கூடாது. மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் களிம்புகள் இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு ஆபத்தானவை. மருத்துவர் எழுதித் தராத எதையும் வாயில் தடவாமல் இருப்பதே நலம்.

நான்காம் படி: தோலும் குளியலும்

அம்மை என்று கருதிக் குளிப்பாட்டாமல் வைத்திருக்கத் தேவையில்லை. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். கொப்புளங்களைக் குத்தி உடைக்கக் கூடாது. அரிப்பு இருந்தால் காலமைன் பூசலாம். நகங்களை வெட்டிவிடுவது உதவும். பிட்டத்தில் கொப்புளம் உள்ள குழந்தைக்குப் பகலில் டயப்பரைக் கழற்றி, தளர்ந்த பருத்தித் துணியை மட்டும் கட்டிவிட்டால் பெரும் ஆறுதலாக இருக்கும்.

ஐந்தாம் படி: இரவு

விழுங்கும் வலி தூக்கத்தையும் கலைக்கும். படுக்கும் முன் ஒரு வேளை மருந்து வருமாறு நேரத்தை அமைத்துக்கொண்டு, மின்விசிறிக் காற்றில், கனமான போர்வை இல்லாமல் உறங்க வையுங்கள். தோளில் சாய்த்து நடப்பது, தாலாட்டு, அம்மாவின் மடிச்சூடு ஆகியவற்றைச் செல்லம் கொடுத்துக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம். இந்த ஒரு வாரம் குழந்தை கேட்கும்போதெல்லாம் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் இந்நாட்களில் இரவில் தூளியைத் தவிர்த்துச் சமமான பாயில் படுக்க வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தூக்கத்தில் திடீர் திடீரெனக் கைகால்களைத் தூக்கிப்போடுவது, குறிப்பாக ஏ71 வகையில், மூளைவரை நோய் சென்றதன் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். தூளியின் அசைவில் அது கண்ணில் படாமல் போகலாம்.

அவ்வாறு தூக்கிப்போடுதல் திரும்பத் திரும்ப நிகழ்ந்தாலும், நடை தள்ளாடினாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலும் நேரம் பாராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தும் தொடர்ந்தாலும் மீண்டும் காட்ட வேண்டும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, கண்ணீரின்றி அழுதல், நாக்கு வறண்டிருத்தல், உச்சிக்குழி உள்வாங்கியிருத்தல் ஆகியவை உடலில் நீர் வற்றியதைக் காட்டும். அந்நிலையில் கரண்டியால் ஈடுகட்ட முயலாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வீட்டில் மற்றவர்களைக் காத்தல்

எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றின் வழியே இது பரவுகிறது. மலத்தில் வைரஸ் பல வாரங்கள் வரை வெளியேறும் என்பதால், குழந்தை தேறிய பிறகும் கழுவிவிடுபவர் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். ஆல்கஹால் சானிடைசர் இவ்வகை வைரஸ்களிடம் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் நீருமே நம்பத்தக்கவை. டம்ளர், துண்டு, பொம்மைகளைத் தனியாக வைத்திருங்கள். காய்ச்சல் நீங்கி, கொப்புளங்கள் காய்ந்து, குழந்தை பழையபடி விளையாடத் தொடங்கிய பிறகே அங்கன்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ அனுப்புங்கள். காரணமான வைரஸ்கள் பல என்பதால், ஒருமுறை வந்த குழந்தைக்கு மறுமுறையும் வரலாம்.

நோய் மறைந்து சில வாரங்கள் கழித்துச் சில குழந்தைகளுக்கு விரல்நகங்கள் அடியிலிருந்து பிரிந்து விழுவதுண்டு. அது வலிக்காது, மருந்தும் வேண்டியதில்லை. பிரிந்த நகத்தைப் பிடித்து இழுக்காமல் விட்டுவிட்டால், அடியில் புது நகம் தானாக வளர்ந்துவிடும்.