வடக்கு லைனில் முதல் நடை: டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

நாமக்கல், சங்ககிரிப் பக்கமிருந்து லாரியில் 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் டெல்லி ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். ஒரு டிரைவர், ஒரு கிளீனர் என்றால் நாளைக்கு 350 முதல் 400 கிலோமீட்டர்தான் நிதானமான கணக்கு. போய்ச் சேர ஏழு நாள் ஆகும். இறக்க ஒன்றிரண்டு நாள், ரிட்டர்ன் லோடு அமையச் சில நாள், திரும்பி வர இன்னொரு ஏழு நாள். கூட்டிப் பார்த்தால் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். லைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதும் நிற்கும்போது செய்ய வேண்டிய வேலைகளில்தான்.

ஏற்றும் இடத்தில்

எடை மேடைச் சீட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன்தான் வரம்பு. மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதற்கு மேல் அதிகச் சரக்கை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். "எல்லாரும் இப்படித்தான் ஏத்துறாங்க" என்று புக்கிங் ஆபீஸில் சொல்பவர் செக்போஸ்ட்டில் உங்களோடு நிற்கப் போவதில்லை.

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடிக் காலம் வரும். 2,400 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நாள் இருப்பதால் சாதாரணமாகப் போதும். வழியில் வண்டி படுத்துவிட்டால்தான் சிக்கல். காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்து எட்டு மணி நேரம் வரைதான் நீட்டிக்க முடியும். ஆகவே மெக்கானிக்கைத் தேடும்போதே ஆபீஸுக்கும் போன் போட்டுவிடுங்கள். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் அந்த வண்டியின் நம்பரையும் பில்லில் ஏற்றச் சொல்ல வேண்டும்.

தார்ப்பாய் இரண்டு துண்டாக இருந்தால் முதலில் பின்பக்கத் துண்டை விரித்து, அதன்மேல் முன்பக்கத் துண்டு இரண்டு முழமாவது ஏறி விழும்படி போடுங்கள். மாற்றிப் போட்டால் எதிர்காற்று இடைவெளியில் புகுந்து பாயைத் தூக்கும். மழைத் தண்ணீரும் அந்த வழியாகவே இறங்கும். ஜவ்வரிசி, மஞ்சள் மாதிரிச் சரக்கில் நாலு மூட்டை நனைந்தாலும் இறக்கும் இடத்தில் வாடகையில் கை வைப்பார்கள். கிளம்பி 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திக் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். மூட்டைகள் குலுங்கி அமர்ந்ததும் எவ்வளவு இறுகக் கட்டிய கயிறும் தளர்ந்திருக்கும்.

காலையில் வண்டியைச் சுற்றி

இன்ஜினைத் தட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆயில், கூலன்ட் பார்த்த பிறகு பிரேக்குக்குக் காற்று சேமிக்கும் ஏர் டேங்குகளின் அடியிலிருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். தேங்கும் தண்ணீர் வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீரோடு ஆயிலும் கொழகொழவென்று வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

டயரைச் சூடேறும் முன்பே பார்க்க வேண்டும். இரும்புக் கம்பியால் தட்டினால் காற்று சரியாக உள்ள டயர் கம்பியைத் திருப்பி எறியும். இறங்கிய டயர் தொப்பென்று சத்தம் கொடுக்கும். இது அவசரச் சோதனைதான், கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு மாற்று ஆகாது. பின்னால் ஜோடியாக உள்ள டயர்களில் உள்டயர் இறங்கினால் வெளியே தெரியாது. அதன் பாரத்தையும் வெளிடயர் சேர்த்துச் சுமக்க, இரண்டும் சூடாகி, மத்தியான வெயிலில் ஒன்று வெடிக்கும். ஜோடிக்கு நடுவே கல் சிக்கியிருந்தால் அப்போதே நெம்பி எடுத்துவிடுங்கள். ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் கூடத்தான் செய்யும். அதிகமாக இருக்கிறதே என்று பிடுங்கிவிட்டால் ஆறியதும் காற்று குறைந்து நிற்கும்.

வீல் நட்டைச் சுற்றி டிஸ்க்கில் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட் தளர்ந்து ஆடுகிறது. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். டீக்கு நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புதிய புகை விதிப்படி வரும் பிஎஸ்-6 வண்டியில், புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாத் தண்ணீர், அதாவது டெஃப், 100 லிட்டர் டீசலுக்கு நாலைந்து லிட்டர் வரை போகும். லோடு வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் டெல்லிவரை 600 லிட்டர் டீசல், 25 முதல் 30 லிட்டர் டெஃப். தீர்ந்துபோனால் இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சைலன்ஸர் பக்கத்து அமைப்பு முழுக்க அடைத்து, மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

சமையல்

நாள் முழுக்க தாபாவில் சாப்பிட்டால் பேட்டாவும் கரையும், வயிறும் கெடும். அரிசி ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் போதும். இருவருக்கு இரண்டு வேளை என்றால் நாளைக்கு 600 கிராம், பதினைந்து நாளைக்கு 9 கிலோ. நம்மூர்ப் புழுங்கலரிசி நாக்பூர் தாண்டினால் எளிதில் கிடைக்காது. முழுவதையும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் இருந்தால் மழை நாளிலும் சமாளிக்கலாம். புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே மிதக்க வேண்டும், கரண்டியில் ஈரம் படக்கூடாது. கருவாட்டை இரண்டு கவர் போட்டு டூல் பாக்ஸில் வையுங்கள். கேபினில் வைத்தால் பதினைந்து நாளும் அதனோடுதான் படுக்க வேண்டும்.

5 கிலோ சிறு சிலிண்டர் பல பங்க்குகளில் முகவரிச் சான்று கேட்காமல் கிடைக்கிறது. அடுப்பை எப்போதும் வண்டிக்கு வெளியே, டீசல் டேங்குக்கு எதிர்ப்பக்கம் வைத்துப் பற்ற வையுங்கள். குளிர்காலத்தில் ஜான்சி, குவாலியர் பக்கம் போகும்போது கேபின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே அடுப்பை எரிய விடத் தோன்றும். மூடிய கேபினில் அதன் புகை வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும். கேஸ், பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவர்கள் வண்டிக்கு அருகே அடுப்பே பற்ற வைக்கக்கூடாது, அவர்களுக்குத் தாபாதான்.

குடிதண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைக்கிற பழக்கம்தான் பல டிரைவர்களுக்குச் சிறுநீரகக் கல்லில் கொண்டுபோய் விடுகிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டோடு இருபது நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம்

2025 நவம்பர் வரை இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு என்றது. நடைமுறை வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியானாலும் இரவு 2 மணியிலிருந்து 5 மணிவரை வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் டீயோ பான்பராக்கோ பாட்டோ தூக்கத்தைத் தள்ளிப் போடாது. கண் திறந்தபடியே சில நொடிகள் தூங்கிவிடுவோம், தூங்கியதே தெரியாது. டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுத்து எழுந்தால் மட்டும் கொஞ்சம் பலன் உண்டு.

ரோட்டு ஓரத்தில் நிறுத்தித் தூங்காதீர்கள், பின்னால் வருகிறவனுக்கும் தூக்கம்தான். பங்க் அல்லது லாரி நிறுத்துமிடத்தில், டீசல் டேங்க் மூடி வெளிச்சத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, டீசல் கேஜ் முள் நிற்கும் இடத்தைப் போனில் போட்டோ எடுத்துவிட்டுப் படுங்கள். பிரேக்டவுன் ஆனால் முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். கல்லும் தழையும் வைத்திருந்தால் கிளம்பும்போது அவற்றை எடுத்துப் போடுவது கிளீனர் வேலை, எடுத்தானா என்று பார்ப்பது உங்கள் வேலை. விட்டுப்போன கல்லில் இராத்திரி பைக் ஏறினால் ஒரு குடும்பம் போகும். தேசிய நெடுஞ்சாலையில் கிரேன், ஆம்புலன்ஸ் உதவிக்கு 1033.

தொப்பூர் இறக்கம்

திரும்பி வரும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர். வீடு பக்கம் வந்துவிட்டது என்ற நினைப்பில் பலர் அவசரப்படுவது இங்கேதான். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். அதே மேட்டை ஏறுவதானால் எந்தக் கியர் போடுவீர்களோ அந்தக் கியர். இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜின் பிடியிலேயே வண்டி இறங்க வேண்டும். கால் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாக விட வேண்டும். லேசாக மிதித்தபடியே வந்தால் பிரேக் டிரம் சூடாகி, அதை உரசிப் பிடிக்கும் லைனர் பிடிப்பை இழக்கும். படபடவென்று மிதித்துக்கொண்டே இருந்தால் ஏர் இறங்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். லைனர் கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆற விடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும்.

இறக்கும் இடத்தில்

பெருநகரங்களில் பகல் நேர நோ எண்ட்ரி உண்டு. எந்த மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதை முந்தின நாளே பார்ட்டியிடம் கேளுங்கள். பழைய டீசல் லாரிகளை டெல்லி எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள், குளிர்காலத்தில் காற்று மாசு மிஞ்சினால் கெடுபிடி இன்னும் கூடும்.

கேட்டுக்குப் போனதும் பில்டியில், அதாவது சரக்கு ஏற்றிய ரசீதில், வந்து சேர்ந்த தேதி, நேரம் எழுதிச் சீல் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் கேட்டும் நம்பர் பிளேட்டும் தெரிய நேரத்தோடு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். இறக்காமல் காத்து நின்ற நாளுக்கான ஹால்டிங் பணம் கேட்க அதுதான் ஆதாரம். இறக்கி முடித்ததும் மூட்டை எண்ணிக்கையும் "குறைவில்லை" என்பதும் எழுதிய கையெழுத்தில்லாமல் காலி வண்டியைக்கூட நகர்த்தாதீர்கள். பாக்கி வாடகை அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் வரும்.

ஊர் வந்ததும் தார்ப்பாயை விரித்துக் காயப்போட்டு, கிழிசலுக்கு அன்றே ஒட்டுப் போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் அடுத்த லோடுக்குள் மடிப்பிலேயே இற்றுவிடும். வண்டியில் கண்ட கோளாறுகளை ஓனரிடம் எழுதிக் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் சர்க்கரை, பிரஷர் பார்க்கலாம், எச்.ஐ.வி. பரிசோதனையும் அங்கே நம்பிக்கை மையத்தில் இலவசம், பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். அடுத்த லோடுக்கு போன் வந்தால் இரண்டு இரவு வீட்டில் தூங்கிய பிறகு ஏறுகிறேன் என்று சொல்லுங்கள்.