வாழைத்தோல் படலம் காயாமல் ஒட்டியது: என் அனுபவம்

அப்பாடா, ஒருவழியாக ஒட்டாத படலம் கிடைத்துவிட்டது.

வாழைத்தோல் மாவுச்சத்தில் பிளாஸ்டிக் தாள்போலச் செய்த மெல்லிய படலம், உலர் அடுப்பில் 50 டிகிரியில் இரவு முழுக்க இருந்தும் விரலில் பிசுபிசுத்தது. உரித்தால் நீண்டு கிழிந்தது. முதலில், படலம் வளைந்துகொடுக்கச் சேர்த்த கிளிசரினைச் சந்தேகித்து, மாவுச்சத்தின் எடையில் 30 சதவீதத்திலிருந்து 15-க்குக் குறைத்தேன். ஓரம் வெடித்தது, நடு அப்படியே ஒட்டியது. வெப்பத்தைக் கூட்டினால் சுருண்டு கருகியது.

ஒரே அளவில் கலந்தும் பிசுபிசுப்பு ஒவ்வொரு முறையும் மாறியதுதான் துப்பு. மாறியது தோலின் பதம் மட்டுமே. மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும் என்பதால், தோலின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டேன். பச்சைத்தோல் கருநீலமானது, பழுத்த தோலில் அயோடினின் பழுப்பு நிறமே நின்றது. பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிவிடுகிறது. அந்தச் சர்க்கரையும் கிளிசரினைப் போலவே ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

பிறகு பச்சைத்தோலை மட்டும் அரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவிட்டேன். மேல்நீர் நிறமற்றுப்போகும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன். கரைந்த சர்க்கரை போவது இங்கேதான், அவசரப்படக் கூடாது. அடியில் தங்கிய வண்டலை 25 சதவீதக் கிளிசரினோடு தண்ணீரில் கலந்து, கெட்டியாகும்வரை கிளறிச் சூடாக்கி ஊற்றினேன். மறுநாள் படலம் கிழியாமல் முழுதாக உரிந்து வந்தது.