ஃபீனிக்ஸ் ரைட் இரண்டாம் பாகம்: ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபீனிக்ஸ் ரைட் என்ற வக்கீலாக நாம் துப்பறிந்து கோர்ட்டில் வாதாடும் ஜப்பானிய வீடியோ கேம் தொடர் இது. முதல் பாகத்தை முடித்த சூட்டோடு இரண்டாம் பாகத்தைத் திறப்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் திறந்தேன். கடைசிக் கேஸின் பரபரப்பு அடங்குவதற்குள் 'ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' என்ற இரண்டாம் பாகத்தைத் தொடங்கி, நாலே நாளில் முடித்து, "முதல் பாகம் அளவுக்கு இல்லை" என்று மூடி வைத்துவிட்டேன். சில வருடம் கழித்து நிதானமாக மறுபடி ஆடியபோதுதான் தெரிந்தது, நான் ஆடிய விதம்தான் தவறு. இன்று இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் நெருக்கமான கேஸ் இந்த இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது.

பெரிய தவறு, முதல் பாகத்தின் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வருவது. அங்கே திரையில் ஐந்து ஆச்சரியக்குறிகள் இருந்தன. ஒரு தப்பான ஆதாரம் காட்டினால் ஒன்று போகும், அவ்வளவுதான். நாலு முறை குருட்டாம்போக்கில் காட்டிப் பார்க்கலாம். இரண்டாம் பாகத்தில் அதற்குப் பதிலாக உங்கள் உயிரைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு வருகிறது. எல்லாத் தவறுக்கும் ஒரே தண்டனை இல்லை. சில கேள்விகளில் கொஞ்சம் குறையும், சிலவற்றில் பாதிக்கு மேல் போகும், ஓரிரு இடங்களில் மொத்தமும் பணயம். பதில் சொல்லும் முன் அந்தக் கோட்டில் எவ்வளவு தூரம் மின்னுகிறது என்று பாருங்கள். அவ்வளவும் போகப்போகிறது என்று அர்த்தம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை, கவனித்தாலே பாதி தோல்விகள் குறையும்.

அதைவிட முக்கியமானது, இந்தக் கோடு அடுத்த நாள் விசாரணைக்குத் தானாக நிரம்பாது. முதல் நாள் கோர்ட்டில் இழந்தது இழந்ததுதான். கால்வாசி உயிரோடு முதல் நாளை முடித்து, அதிலேயே சேவ் செய்துவிட்டு, மறுநாள் கடுமையான குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்கள் உண்டு. கோர்ட்டை நன்றாக முடித்த நிலையில் ஒரு சேவ் செய்து, அதை மேலெழுதாமல் தனியாக வைத்திருங்கள். 2019-இல் பிசி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் வந்த மூன்று பாகத் தொகுப்பில் பல சேவ்கள் வைத்துக்கொள்ளலாம், எனவே இதில் சிரமம் ஒன்றும் இல்லை.

சரி, குறைந்த உயிரை எப்படி மீட்பது? அங்கேதான் சைக்கி-லாக் வருகிறது. இந்தப் பாகத்தின் உண்மையான புதுமையே அதுதான். கோர்ட்டுக்கு வெளியே யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஒரு விஷயத்தைக் கேட்டதும் திரை இருண்டு, அவரைச் சுற்றிச் சங்கிலிகள் இறங்கி, சிவப்புப் பூட்டுகள் விழும். மனதில் எதையோ மறைக்கிறார் என்று பொருள். மகடாமா என்ற சிறிய கல்லை அவரிடம் காட்டிவிட்டு, சரியான ஆதாரங்களைக் காட்டினால் அந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாக உடைக்கலாம். எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் பச்சைக் கோட்டில் பாதி திரும்பக் கிடைக்கும். தப்பாகக் காட்டினாலோ அதே கோட்டிலிருந்துதான் குறையும்.

பூட்டைப் பார்த்ததும் மகடாமாவை நீட்டுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. ஆசை அப்படி இழுக்கும், எனக்கும் இழுத்தது. ஆனால் பூட்டு விழும் நேரத்தில் அதை உடைக்கத் தேவையான ஆதாரம் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. வேறு இடத்துக்குப் போய், வேறு ஆட்களிடம் பேசி, அப்புறம் திரும்பி வர வேண்டும். நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான்: பூட்டு விழுந்ததும் நோட்டில் அவர் பெயரையும் எந்தக் கேள்விக்குப் பூட்டு விழுந்தது என்பதையும் எழுதிவிடுவேன். பூட்டு ஒன்று என்றால் சின்ன விஷயம், ஐந்து என்றால் உயிரே போனாலும் சொல்லமாட்டார் என்ற அளவு ரகசியம். "இவர் மறைப்பது என்ன, ஏன் மறைக்கிறார்?" என்ற இரண்டுக்கும் ஒரு வரி பதில் எழுத முடிந்தால்தான் திரும்பிப் போவேன். எழுத முடியவில்லை என்றால் இன்னும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. இடையில் மாட்டிக்கொண்டாலும் விசாரணையை நிறுத்திவிட்டு வெளியே வர வழி உண்டு. கௌரவம் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பெயர்ப் பட்டியலை மறந்துவிடுவது. முதல் பாகத்தில் ஆட்களின் விவரங்களைப் படிக்க மட்டும்தான் முடியும். இதில் அவற்றையும் ஆதாரம் போலக் காட்டலாம். கோர்ட் ரெக்கார்டில், அதாவது நீங்கள் சேர்த்த ஆதாரங்களின் பட்டியலில், உள்ள பொருட்களை எல்லாம் காட்டிப் பார்த்தும் பூட்டு உடையவில்லை என்றால், விடை ஒரு மனிதராக இருக்கலாம். "இவர் யாரைக் காப்பாற்றுகிறார்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கதைக்கு வருவோம். முதல் கேஸில் ஃபீனிக்ஸ் தலையில் அடிபட்டு நினைவிழந்து நிற்பார். புதியவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கச் செய்த ஏற்பாடு அது. அடுத்த கேஸ் காலவரிசையில் அதற்கு முன்னால் நடப்பது. தேதிகளைக் கவனிக்காமல் போனால் குழம்பும்.

அந்த இரண்டாம் கேஸில் ஆவியை உடலில் இறக்கும் குடும்பம் வருகிறது. "ஆவி எல்லாம் வந்தால் துப்பறிவதற்கு என்ன இருக்கிறது?" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். இந்த உலகில் அதற்குக் கறாரான விதிகள் உண்டு. ஆவி இறங்கினால் உடல் இறந்தவரின் உருவத்துக்கு மாறும், உடுத்திய துணி மாறாது. இதைச் சதுரங்க விதி போல ஏற்றுக்கொண்டு யோசித்தால் புதிர் நேர்மையாகவே கட்டப்பட்டிருப்பது புரியும். அந்தக் குடும்பம் வாழ அமெரிக்காவில் ஏன் ஜப்பானியக் கிராமம் என்றும் சிலர் தடுமாறுவார்கள். மூலத்தில் கதை ஜப்பானில்தான் நடக்கிறது, ஆங்கிலப் பதிப்புதான் அதை லாஸ் ஏஞ்சலஸுக்கு நகர்த்தியது. மூன்று நாளில் முடியும் விசாரணை, ஜூரி இல்லாமல் ஒரே நீதிபதி என்பதெல்லாம் நிஜச் சட்டத்தோடு ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டியவை அல்ல. ஜப்பானில் பொதுமக்கள் நீதிபதிகளோடு அமரும் முறையே 2009-இல்தான் வந்தது, இந்த கேம் 2002-இல் வந்தது.

மூன்றாவது சர்க்கஸ் கேஸ். ரசிகர்கள் பலர் வெறுக்கும் கேஸ் இது, கோமாளியின் சாட்சியம் நீளம்தான், மறுக்கமாட்டேன். ஆனால் வசனங்களைத் தட்டித் தள்ளிக்கொண்டே போவது தவறு. பனியில் செத்தவரின் கால்தடம் மட்டும் இருக்கிறது, கொன்றவர் எப்படி வந்தார், எப்படிப் போனார் என்ற கேள்வி துப்பறியும் கதைகளின் பழைய, அழகான புதிர். அதைவிட, இந்தக் கொலைக்கான காரணம் இந்தத் தொடரிலேயே மிகவும் துயரமானவற்றில் ஒன்று. ஆரம்பத்தை அவசரமாகக் கடந்தவர்களுக்கு அந்த முடிவு கனக்காது. எனக்கும் முதல் முறை கனக்கவில்லை.

முதல் பாகத்தில் ஃபீனிக்ஸை எதிர்த்து வாதாடிய அரசு வக்கீல் எட்ஜ்வொர்த் விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. இந்தப் பாகத்தில் அவர் பெயரை எடுத்தாலே ஃபீனிக்ஸ் கொதிக்கிறார். முதல் பாகத்தின் ஐந்தாவது கேஸை முடித்து நேராக வருபவர்களுக்கு இது ஒட்டாது. காரணம் எளிது. 2001-இல் வந்த மூலத்தில் நான்கு கேஸ்கள்தான் இருந்தன. ஐந்தாவது 2005-இல் நிண்டெண்டோ டிஎஸ் பதிப்புக்காக எழுதிச் சேர்த்தது. இரண்டாம் பாகம் நான்காவது கேஸின் தொடர்ச்சியாகவே எழுதப்பட்டது. புதிதாக ஆடுபவர்களிடம் நான் சொல்வது, ஐந்தாவதை மூன்று பாகமும் முடிந்த பிறகு ஆடுங்கள்.

இரண்டாம் பாகத்தைத் தாண்டி மூன்றாவதுக்குத் தாவுவதும் வேண்டாம். சிறுமி பேர்ல், அரசு வக்கீல் ஃபிரான்சிஸ்கா, ஆவி இறக்கும் ஃபே குடும்பத்தின் உட்பகை எல்லாம் இங்கேதான் விதைக்கப்படுகின்றன.

கடைசிக் கேஸைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அதைத் தொடங்கிய பிறகு வாக்த்ரூ (படிப்படியாக விடை சொல்லும் வழிகாட்டி), விக்கி, யூடியூப் எதையும் திறக்காதீர்கள். கேரக்டர் பெயரைத் தேடினாலே படத்தின் கீழ் விடை எழுதியிருக்கும். கொலையாளி யார் என்ற கேள்வி அங்கே சீக்கிரமே பின்னுக்குப் போய்விடும். ஒரு வக்கீல் யாருக்காக, எதுவரை வாதாடலாம் என்பதுதான் மீதி நேரம் முழுக்க உங்களை உறுத்தும். மற்ற கேஸ்களில் தோற்றால் வரும் அதே முடிவு இங்கே வராது. கடைசிக் கட்டத்தில் தோற்பவர்களுக்கென்றே தனியாக ஒரு சோக முடிவு எழுதியிருக்கிறார் இயக்குநரும் கதாசிரியருமான ஷூ டகுமி. அதற்கு முன் ஒரு சேவ் வைத்துக்கொண்டு, முதலில் உண்மையான முடிவைப் பாருங்கள். அப்புறம் அந்த சேவுக்குத் திரும்பி, வேண்டுமென்றே தோற்று, மற்றதையும் பாருங்கள்.