நியூசிலாந்தின் ஹோக்கி போக்கி ஐஸ்கிரீம்: வீட்டிலேயே செய்யலாம்

வெனிலா ஐஸ்கிரீம், அதற்குள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான சர்க்கரை மிட்டாய். இதுதான் நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் ஊர் ஐஸ்கிரீம் என்று கொண்டாடும் ஹோக்கி போக்கி. ஐஸ்கிரீம் நாக்கில் கரையும்போது மிட்டாய் பல்லில் ‘கறுக்’கென்று உடைய வேண்டும். அந்தக் ‘கறுக்’கைக் காப்பாற்றத்தான் இத்தனை பக்குவமும். மெஷின் எதுவும் வேண்டாம்.

மிட்டாய்க்கு: சர்க்கரை 5 மேசைக்கரண்டி, கோல்டன் சிரப் (தேன் மாதிரி கெட்டியான சர்க்கரைப் பாகு) 2 மேசைக்கரண்டி, சமையல் சோடா 1 தேக்கரண்டி. கோல்டன் சிரப் கிடைக்காவிட்டால் லிக்விட் குளுக்கோஸ் அல்லது தேன் போதும். பாகு மறுபடி சர்க்கரையாகப் பூத்துப் போகாமல் இருக்கத்தான் அது. தேன் சீக்கிரம் கருகும், கவனம்.

ஐஸ்கிரீமுக்கு: விப்பிங் கிரீம் 300 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கிரீமில் 35 சதவீதம் கொழுப்பாவது இருக்கட்டும். 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது.

படி 1: ஒரு தட்டில் வெண்ணெய் தடவி வையுங்கள். சோடாவைக் கட்டியில்லாமல் சலித்துக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேட நேரம் இருக்காது.

படி 2: அடிகனமான, உயரமான பாத்திரத்தில் சர்க்கரையும் சிரப்பும் போட்டுச் சிறுதீயில் கரைய விடுங்கள். கரைந்தபின் பொன்னிறம் வரும்வரை கொதிக்கட்டும். கடலை மிட்டாய்க்குப் பார்க்கும் அதே பதம்தான்: ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உடனே இறுகி, எடுத்துத் தட்டினால் ‘டங்’கென்று சத்தம் வர வேண்டும். இழுத்தால் வளைகிறதா? இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும். இந்தப் பதத்தில் பாகு 150 டிகிரி செல்சியஸ் இருக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

படி 3: அடுப்பை அணைத்து, சோடாவைப் போட்டு வேகமாகக் கலக்குங்கள். தேன் நிறத்தில் இருந்த பாகு வெளிறி, நுரைத்து, பாத்திரத்தின் பாதிக்கு மேல் பொங்கி வரும். சூட்டில் சோடாவிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலை அது. ஐந்தாறு சுற்று போதும், அதற்கு மேல் கிண்டினால் குமிழி உடைந்துவிடும். உடனே தட்டில் ஊற்றுங்கள். பரப்பவோ அழுத்தவோ வேண்டாம்.

அரைமணி நேரத்தில் ஆறிவிடும். கடலை அளவுக்கு உடைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா விட்டால் பிசுபிசுத்துவிடும்.

படி 4: குளிர்ந்த கிரீமைக் குளிர்ந்த பாத்திரத்தில், கரண்டியைத் தூக்கினால் முனை நிற்கும்வரை அடியுங்கள். கண்டென்ஸ்டு மில்க், வெனிலா, உப்பு சேர்த்து மெதுவாகப் புரட்டி, ஃப்ரீசரில் வையுங்கள்.

படி 5: இரண்டு மணி நேரம் கழித்து, பாதி இறுகியிருக்கும்போது மிட்டாயைக் கலந்து மறுபடி ஆறு மணி நேரம் வையுங்கள். முதல்முறை செய்தபோது நான் தளதளவென்றிருந்த கிரீமிலேயே கொட்டிவிட்டேன். மறுநாள் மிட்டாயே இல்லை, அடியில் பழுப்பாகக் கொஞ்சம் பாகு மட்டும் இருந்தது.

பரிமாறும்போது கைப்பிடி மிட்டாயை மேலேயும் தூவுங்கள். மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.