கரண்ட் போனாலும் உடையாத ஜென்டூ: பாதுகாப்பாக அப்டேட் செய்வது எப்படி?

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி முழங்கும், கூடவே கரண்டும் போகும். இங்கே இருந்துகொண்டு ஜென்டூ லினக்ஸ் இயங்குதளத்தைப் பாவிக்கலாமா என்று கணினி படிக்கும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். தாராளமாகப் பாவிக்கலாம். ஜென்டூவில் மென்பொருள்கள் மூலநிரலாக வந்து நம் கணினியிலேயே கம்பைல் ஆவதால், அதாவது இயங்கும் நிரலாக மாற்றப்படுவதால், அப்டேட்டுக்கு மணிக்கணக்கில் நேரம் போகும். எந்த நேரத்தில் கரண்ட் போனால் ஆபத்து, எந்த நேரத்தில் போனால் பரவாயில்லை என்று தெரிந்திருந்தால் போதும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், ரூட் எனும் முழு அதிகாரமுள்ள பயனராக இருந்து தட்டச்சிடுங்கள்.

முதலில் இதை விளங்கிக்கொள்ளுங்கள்

மென்பொருள் பொதிகளை நிறுவி நிர்வகிக்கும் ஜென்டூவின் பொதி மேலாளரான போர்ட்டேஜ் ஒரு பொதியை நேரடியாகக் கணினிக்குள் கட்டுவதில்லை. தனியாக ஒரு தற்காலிகக் கோப்புறையில் கம்பைல் செய்து, அங்கேயே ஒரு போலி ரூட்டுக்குள் நிறுவிப் பார்த்து, எல்லாம் சரியாக முடிந்த பிறகே உண்மையான இடத்துக்குக் கோப்புகளை மாற்றுகிறது. ஆகவே இரண்டு மணிநேரக் கம்பைலின் நடுவில் கரண்ட் போனாலும் பழைய பதிப்பு அப்படியே வேலை செய்யும். வீணாவது அந்தப் பொதிக்குச் செலவான நேரம் மட்டுமே. கடைசியில் கோப்புகள் இடம் மாறும் அந்தச் சில விநாடிகள்தான் ஆபத்தானவை. கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் ஜிலிப்சி போன்ற அடிப்படைப் பொதியை அப்டேட் செய்யும்போது லாப்டாப் பெட்டரி நிறைந்திருக்கட்டும். மேசைக் கணினி என்றால் சிறிய யூபிஎஸ் ஒன்று கட்டாயம் தேவை.

படி 1: திரும்பி வர வழி வையுங்கள்

அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையையும், நீங்கள் கேட்டு நிறுவிய பொதிகளின் பட்டியலான வேர்ல்ட் கோப்பையும் ஒரு யூஎஸ்பியில் பிரதி எடுங்கள். பிறகு போர்ட்டேஜின் அமைப்புக் கோப்பான மேக் டொட் கொன்ஃபில், ஃபீச்சர்ஸ் வரியில் பில்ட்பிகேஜி (buildpkg) என்பதைச் சேருங்கள். இனிமேல் கம்பைல் ஆகும் ஒவ்வொரு பொதியின் பைனரியும், அதாவது கம்பைல் ஆகி முடிந்த வடிவமும், சேமிக்கப்படும். புதிய பதிப்பு சரிவராவிட்டால் பழையதை மறுபடி கம்பைல் செய்யாமலே போட்டுக்கொள்ளலாம். ஜிலிப்சியை மட்டும் ஒருபோதும் பழைய பதிப்புக்கு இறக்கப் பார்க்காதீர்கள்.

படி 2: சிங்க், பிறகு செய்தி

இமெர்ஜ் --சிங்க். இது பொதிகளின் விபரத் தொகுப்பைப் புதுப்பிக்கும். இதை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது ஜென்டூ வழக்கம். இணைப்பு அடிக்கடி அறுந்தால் இமெர்ஜ்-வெப்ஆர்சிங்க் நல்லது. அது முழுத் தொகுப்பையும் ஒரே கோப்பாக இறக்கும்.

அடுத்து இசெலக்ட் நியூஸ் ரீட். ஜென்டூ அனுப்பும் அறிவித்தல்களை இது காட்டும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். 2024 மார்ச்சில் 23.0 புரொஃபைல் (கணினியின் அடிப்படை அமைப்புத் தொகுப்பு) வந்தபோது எந்தப் புரொஃபைலைத் தெரிவுசெய்வது, எந்த வரிசையில் மறுகம்பைல் செய்வது என்பதெல்லாம் அந்தச் செய்தியில் படிப்படியாக இருந்தது.

படி 3: ஒத்திகை

இமெர்ஜ் --ப்ரிடெண்ட் --வெர்போஸ் --அப்டேட் --டீப் --நியூயூஸ் @வேர்ல்ட்

இது எதையும் மாற்றாது, பட்டியலை மட்டும் காட்டும். அதில் யூ என்ற எழுத்து இருந்தால் புதிய பதிப்பு, என் என்ற எழுத்து என்றால் புதிதாக வரும் பொதி, ஆர் என்றால் மறுகம்பைல். யூடி என்று கண்டால் நில்லுங்கள், பதிப்பு கீழே இறங்கப்போகிறது. காரணம் தெரியாமல் மேலே போகாதீர்கள். கடைசி வரியில் மொத்தம் எவ்வளவு இறக்க வேண்டும் என்று இருக்கும். ரீலோட் போட்டு டேட்டா பாவிப்பவர்கள் அதை முதலில் பாருங்கள்.

படி 4: இறக்குவது இரவில், கம்பைல் பகலில்

அதே கட்டளையில் --ப்ரிடெண்ட் இருக்கும் இடத்தில் --ஃபெட்ச்ஒன்லி போட்டால் மூலநிரல்கள் மட்டும் இறங்கும். இரவு நேர டேட்டா உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. மறுநாள் காலை, வானம் தெளிவாக இருக்கும்போது, இணையமே இல்லாமல் கம்பைல் செய்யலாம்.

அப்போது --ஃபெட்ச்ஒன்லி இருந்த இடத்தில் --ஆஸ்க் --கீப்-கோயிங் இரண்டையும் போடுங்கள். ஒரு பொதி தோற்றாலும் மற்றவை தொடரும். கரண்ட் போய் வந்தால் இமெர்ஜ் --ரெசியூம். அது கைகொடுக்காவிட்டால் அதே அப்டேட் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள், முடிந்தவற்றை அது திரும்பத் தொடாது.

ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலைகள் ஓடலாம் என்பதை மேக் டொட் கொன்ஃபில் உள்ள மேக்ஆப்ட்ஸ் வரி சொல்கிறது. அதில் ஒரு வேலைக்கு 2 ஜிபி ரேம் என்று கணக்கு வையுங்கள், 4 ஜிபி கணினிக்கு 2 வேலைகள். ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரே ஒஃபிஸ், ரஸ்ட் ஆகியவற்றை பெயர் '-பின்' (-bin) என்று முடியும் ஆயத்தப் பொதிகளாகவே போடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. 2023 டிசம்பர் முதல் ஜென்டூவே ஏராளமான பைனரிப் பொதிகளைத் தருகிறது. --கெட்பின்பிகேஜி (--getbinpkg) சேர்த்தால் அவை வரும்.

படி 5: முடித்து வைத்தல்

டிஸ்பாட்ச்-கொன்ஃப் ஓட்டுங்கள். புதிய அமைப்புக் கோப்புகளைப் பழையவற்றோடு ஒப்பிட்டுக் காட்டும். நீங்கள் கைவைத்துத் திருத்திய கோப்பு என்றால் வாசிக்காமல் யூ விசையை அழுத்தாதீர்கள், உங்கள் திருத்தம் போய்விடும். பிறகு இமெர்ஜ் @ப்ரிசர்வ்ட்-ரீபில்ட். பழைய நூலகக் கோப்புகளை இன்னும் நம்பியிருக்கும் பொதிகளை இது மறுகம்பைல் செய்யும்.

இமெர்ஜ் --டெப்கிளீன் கடைசியாக, அதுவும் --ப்ரிடெண்ட் போட்டுப் பார்த்த பிறகு. தேவையற்றுப்போன பொதிகளை நீக்கும் கட்டளை அது, பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) பொதிகளையும் நீக்கக்கூடும். புதிய கெர்னலில் பூட் ஆகி, வைஃபையும் திரையும் வேலை செய்வதைப் பார்த்த பிறகே நீக்க விடுங்கள்.